ஆக்கர் விழுந்தாலும் நீலம்: வீட்டு வெற்றிடக் கலத்தில் மரத்துக்குச் சாயமேற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கடையில் வாங்கும் பம்பரத்தின் நிறம் அதன் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்தி ஏற்றுகிற அந்தப் பூச்சு பார்வைக்குப் பளபளவென்று இருந்தாலும், தோற்றவரின் பம்பரத்தை வட்டத்துக்குள் வைத்து மற்றவர்கள் ஆணியால் குத்தும்போது விழுகிற ஒவ்வொரு ஆக்கரிலும், அதாவது குத்துக் குழியிலும், உள்ளிருக்கும் வெளிர் மரம் பல்லிளித்துவிடும். என் அக்கா மகனுக்கு இது பெரிய குறையாகப் பட்டது. குத்து விழுந்த இடத்திலும் நீலமாகவே இருக்கும் பம்பரம் கிடைக்குமா என்று அவன் கேட்டதற்கு, மரத்தை முதலில் உள்வரை சாயமேற்றிவிட்டுப் பிறகு கடைந்தால் கிடைக்கும் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற நான்கு சுற்றுச் சோதனைகளும் பதினொரு மாதங்களும் தேவைப்பட்டன. அவற்றில் மூன்று சுற்றுகள் தோல்வியில் முடிந்தன. தோல்விகளின் காரணங்களே இந்த ஆய்வின் முக்கியமான பகுதி என்பதால் அவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

தேர்ந்தெடுத்த மரம் ரப்பர் மரம். வெளிர் நிறம், வைரம் என்று கடினமான நடுப்பகுதி தனியாகப் பிரிந்து நிற்காத கட்டை, எளிதாக நீரை உறிஞ்சும் குணம் ஆகிய மூன்றும் சாயத்துக்கு ஏற்றவை. கேரளத்திலிருந்தும் கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்தும் கோவைக்கு வரும் ரப்பர் மரம், பூச்சி அரிக்காமல் இருக்கப் பெரும்பாலும் போரான் உப்புக் கரைசலைப் பெரிய உருளைகளில் வெற்றிடமும் அழுத்தமும் கொடுத்து ஏற்றியே விற்பனைக்கு வருகிறது. நான் வீட்டில் செய்ய நினைத்தது ஏற்கெனவே ஒருமுறை அந்த மரத்துக்கு நடந்ததுதான். ஒவ்வொரு கட்டையும் 50 மி.மீ. சதுரமும் 80 மி.மீ. நீளமும் கொண்டது. நீளவாக்கில் மரத்தின் ரேகை ஓடும்படி அறுக்கச் சொன்னேன்.

இத்தகைய ஒரு கட்டை எவ்வளவு சாயநீரைக் குடிக்க முடியும் என்பதைத் தராசு இருந்தால் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். எந்த மரமானாலும் அதன் செல்சுவரின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.5 கிராம், மரத்துக்கு மரம் மாறுவது இடையில் உள்ள வெற்றிடத்தின் அளவு மட்டுமே. என் கட்டையின் கனஅளவு 200 கன செ.மீ., நன்றாக உலர்த்திய பின் எடை சுமார் 120 கிராம், ஆக அடர்த்தி 0.6. மொத்தக் கனஅளவில் ஐந்தில் இரண்டு பங்கு மரம், மீதி மூன்று பங்கு காற்று. அதாவது சுமார் 120 கன செ.மீ. இடம் காலியாக இருக்கிறது. காற்று முழுவதும் வெளியேறி அந்த இடத்தில் சாயநீர் நிரம்பினால் கட்டையின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். இந்த 120 கிராம் என்ற எண்ணையே எல்லாச் சுற்றுகளுக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

மரத்திலிருந்து காற்றை எடுக்கும் வெற்றிடக் கலத்தைக் குக்கரில் அமைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. குக்கர் அழுத்தத்தைத் தாங்குவதால் வெற்றிடத்தையும் அப்படியே தாங்கும் என்று நினைப்பது இயல்பு. பாத்திரம் தாங்குகிறது, மூடி தாங்குவதில்லை. உள்பக்கமாகச் செருகும் மூடியுள்ள குக்கரில் நீராவியின் அழுத்தம்தான் மூடியை விளிம்போடு சேர்த்து இறுக்குகிறது. உள்ளே வெற்றிடம் ஏற்பட்டால் அதே மூடி விளிம்பைவிட்டு உள்நோக்கி நகர்ந்து காற்றை விட்டுவிடும். வெளிமூடி குக்கரிலும் கேஸ்கட்டின் உதடு உள்ளழுத்தத்துக்கு ஏற்றபடியே அமைந்திருப்பதால் என் முயற்சியில் அது ஒழுகியது. ஆகவே பத்து லிட்டர் அலுமினிய குக்கரின் மூடியை ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தின் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சமன்செய்து, அதன் மேல் சிலிக்கான் ஷீட்டில் வெட்டிய வளையத்தை வைத்து, அக்ரிலிக் பலகையால் மூடினேன்.

முதலில் பெயர்ப்பலகைக் கடையில் மிச்சமிருந்த 12 மி.மீ. அக்ரிலிக்கைப் பயன்படுத்தினேன். வெற்றிடம் ஏறியபோது அதன் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியும்படி உள்வாங்கியது. 24 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு 450 சதுர செ.மீ.க்குச் சற்று மேல். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோவுக்கு மேல் காற்று அழுத்தும்போது மூடியின் மீது இறங்கும் மொத்தப் பாரம் 400 கிலோவைத் தாண்டுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எருமை அந்தப் பலகையின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. அன்றே அதைக் கழற்றிவிட்டு 25 மி.மீ. பலகை வாங்கினேன். கண்ணாடி பாட்டிலையோ ஊறுகாய் ஜாடியையோ இந்த வேலைக்கு யாரும் பயன்படுத்தக் கூடாது. அவை உடைந்தால் சில்லுகள் முதலில் உள்நோக்கிப் பாய்ந்து, பிறகு எல்லாப் பக்கமும் தெறிக்கும்.

காற்றை உறிஞ்சப் பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் போதும். ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் கேஸை முறையாக எடுத்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். புதிய ஃப்ரிட்ஜ்களில் தீப்பற்றக்கூடிய கேஸ் இருப்பதால் இதை நாமே அறுத்து எடுப்பது ஆபத்தானது. உறிஞ்சும் குழாயை மூடியில் உள்ள வால்வோடு இணைத்து, இடையில் ஏ.சி. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அங்குல மீட்டரைப் பொருத்தினேன். இங்கே ஒரு சிறு விளக்கம் தேவை. கடல்மட்டத்தில் முழு வெற்றிடம் என்பது மீட்டரில் ஏறத்தாழ 30 அங்குலம், அதாவது 760 மி.மீ. பாதரசம். கோவை 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அழுத்தமே சுமார் 724 மி.மீ.தான். ஆகவே எவ்வளவு நல்ல பம்ப்பை வைத்தாலும் கோவையில் முள் 28.5 அங்குலத்தைத் தாண்டாது. இது தெரியாமல், முள் 30-ஐத் தொடவில்லையே என்று ஒழுகல் தேடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை வீணாக்கினேன்.

முதல் சுற்றில் சந்தையில் உதிரியாகக் கிடைத்த ரோஸ் நிறப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, மூன்று கட்டைகளை மூழ்கடித்து, மேலே கல் வைத்து, ஒரு மணி நேரம் பம்ப்பை ஓடவிட்டேன். கட்டைகளின் இரு முனைகளிலிருந்தும் நூல் நூலாகக் குமிழ்கள் கிளம்பின. பக்கவாட்டிலிருந்து அநேகமாக எதுவும் வரவில்லை. மரத்தின் குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் காற்று வெளியே வரும் வழியும் நீர் உள்ளே போகும் வழியும் அந்த முனைகளே. நேரம் முடிந்ததும் வால்வைத் திறந்து, காற்று உள்ளே சீறி நின்ற உடனேயே கட்டைகளை வெளியே எடுத்துவிட்டேன். எடை சராசரியாக 41 கிராம் கூடியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, எந்த வெற்றிடமும் இல்லாமல் வாளியில் இரண்டு நாள் ஊறிய கட்டை 37 கிராம் ஏறியிருந்தது. இத்தனை ஏற்பாட்டின் பலன் வெறும் நான்கு கிராம்.

பிழை என்னுடைய புரிதலில் இருந்தது. வெற்றிடம் சாயத்தை மரத்துக்குள் இழுக்கிறது என்று நினைத்திருந்தேன். வெற்றிடம் மரத்தைக் காலி செய்கிறது, அவ்வளவுதான். சாயத்தை உள்ளே தள்ளுவது, வால்வைத் திறந்தபின் திரும்பி வந்து நீர்ப்பரப்பை அழுத்துகிற காற்று. அந்தத் தள்ளுதல் ஒரு நொடியில் முடிவதில்லை, ஏனெனில் செல்லிலிருந்து செல்லுக்கு இருக்கும் துளைகள் மிகச் சிறியவை. காற்று உள்ளே வந்தபின் கட்டை சாயநீருக்கு அடியிலேயே மணிக்கணக்கில் இருக்க வேண்டும். நான் வேலை தொடங்கிய நேரத்தில் வேலை முடிந்தது என்று எண்ணி எடுத்துவிட்டேன். இதில் புதிய உண்மை எதுவும் இல்லை. இங்கிலாந்தில் ஜான் பெதல் 1838-இல் காப்புரிமை பெற்ற முறையில் முதலில் வெற்றிடம், அடுத்து திரவம், அதன்பின் அழுத்தம் என்ற வரிசையே இருக்கிறது. ரயில் தண்டவாளக் கட்டைகளும் தந்திக் கம்பங்களும் அவ்வாறுதான் பதப்படுத்தப்பட்டன. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் 1930-களில் உருவாக்கிய செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலவையை உலகம் முழுவதும் மரத்துக்குள் ஏற்றியதும் இதே வரிசையில்தான். எனக்கு மட்டும் அழுத்தம் என்ற மூன்றாவது படி இல்லை. காற்றின் அழுத்தம் ஒன்றே என் கையிருப்பு. அதனால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டாம் சுற்றில் அதே ரோஸ் நிறத்தில், காற்றை விட்டபின் இரவு முழுவதும் ஊறவைத்தேன். எடை 96 கிராம் கூடியது. மகிழ்ச்சியோடு கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே உளியின் முதல் இரண்டு சுற்றிலேயே நிறம் மங்கத் தொடங்கியது; பட்டறை அண்ணன் கடைசலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “ஏனுங்க, ஈரம் உள்ள வரைக்கும் இருக்குது, சாயத்தைத்தான் காணோமுங்க” என்றார். அவர் சொன்னது துல்லியமான முடிவு. அறுத்துப் பார்த்தபோது நடுப்பகுதி நனைந்திருந்தது, ஆனால் வெள்ளையாக இருந்தது. முனைகளில் 12 மி.மீ. வரை அடர்த்தியான ரோஸ், அதன்பின் திடீரென்று எதுவும் இல்லை.

காரணம் சாயத்தின் வகை. அந்தப் பவுடர் ரோடமைன் வகையைச் சேர்ந்தது. பஞ்சுமிட்டாயில் கலந்திருந்ததாகக் கண்டறியப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்கே தடை வரக் காரணமான அதே பொருள். இது காரவகைச் சாயம். மரத்தின் செல்சுவர்களைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருளோடு உடனே ஒட்டிக்கொள்ளும் குணம் கொண்டது. நீர் உள்ளே போகும் வழியெல்லாம் செல்சுவர்கள் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, நடுவுக்குப் போய்ச் சேரும்போது அது வெறும் தண்ணீராகிவிடுகிறது. மரம் வடிகட்டியாக வேலை செய்திருக்கிறது. போதாக்குறைக்கு, ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு துண்டு ஒன்றரை மாத வெயிலில் பழைய கல்யாணப் பத்திரிகையின் நிறத்துக்கு வெளுத்துவிட்டது. குழந்தைகள் கையாளும் பொருளுக்கு இதை எடுத்ததே தவறு என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் சுற்றுக்குத் திருப்பூர் சாயக்கடையில் கேட்டு, பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலவகைச் சாயத்தில் நீலமும் பச்சையும் வாங்கினேன். லிட்டருக்கு 15 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். இம்முறை அவசரப்படக் கூடாது, குமிழ்கள் முழுவதும் நிற்கும்வரை பம்ப்பை ஓடவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். குமிழ்கள் நிற்கவே இல்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஓடியும் கட்டைகளிலிருந்து குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. மீட்டர் முள்ளும் 27 அங்குலத்துக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. மூன்றரை மணி நேரம் ஓடியதும் கம்ப்ரசர் சூடேறி தானாக நின்றது. அதன் வெளியேற்றுக் குழாயில் வழிந்த எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தது.

அப்போது குக்கரின் பக்கவாட்டைத் தற்செயலாகத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அறையின் வெப்பநிலை 30 டிகிரி, சாயநீரில் தெர்மாமீட்டரை வைத்தபோது 25 டிகிரி. பம்ப் சூடாகிறது, பாத்திரம் குளிர்கிறது என்றால் உள்ளே நடப்பது ஒன்றுதான்: தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. 30 டிகிரி வெப்பநிலையில் அழுத்தம் 32 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கினால் தண்ணீர் கொதிக்கும். கோவையின் 724-இலிருந்து 32-ஐக் கழித்தால் 692 மி.மீ., மீட்டரில் 27.2 அங்குலம். முள் நின்ற இடம் அதுவே. முதல் சில நிமிடங்களில் நான் கண்டது மரத்திலிருந்து வந்த காற்று; பிறகு மூன்று மணி நேரம் கண்டது நீராவி. கொதிநிலைக் குமிழ்கள் மரத்தின் சொரசொரப்பான முனைகளில் உருவாகிக் கிளம்புவதால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே மாதிரி வருவதுபோலத் தெரிகின்றன. அந்த நீராவி முழுவதும் கம்ப்ரசரின் எண்ணெயில் போய்ச் சேர்ந்து அதை மோராக்கிவிட்டது. வீட்டில் இந்த வேலையைச் செய்பவர்கள் பம்ப்பைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளில் இதுவே எளிதானது என்று நினைக்கிறேன்.

கணக்கைத் தொடர்ந்து போட்டபோது இன்னொன்றும் தெளிவானது. 724-இலிருந்து 690 மி.மீ. குறைத்தால் மரத்துக்குள் எஞ்சும் காற்று ஏறத்தாழ ஐந்து சதவீதம்; 650 மி.மீ. மட்டும் குறைத்தாலும் எஞ்சுவது பத்து சதவீதம்தான். காற்று திரும்பி வந்து அழுத்தும்போது அந்த மிச்சம் அதே அளவுக்குச் சுருங்கிவிடும். மீட்டரின் கடைசி ஒன்றரை அங்குலத்துக்காகக் கம்ப்ரசரை வதைப்பதில் கிடைக்கும் ஆதாயம் மிகக் குறைவு.

நீலக் கட்டைகள் அந்தச் சுற்றில் நன்றாகவே சாயம் பிடித்திருந்தன, ஆனால் உலர்த்துவதில் அவற்றை இழந்தேன். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்ததால் மூன்றே நாளில் முனைகளில் நட்சத்திர வடிவ வெடிப்புகள் விழுந்தன. அதோடு, நீர் வெளியேறும்போது சாயத்தையும் மேற்பரப்புக்கு இழுத்து வந்ததில் நடுப்பகுதி வெளிறி, வெளிப்புறம் கறுத்துப்போனது. பச்சைக் கட்டைகளின் கதை வேறு. அந்தப் பச்சை உண்மையில் நீலமும் மஞ்சளும் கலந்த சாயம். மரத்துக்குள் நீலம் பின்தங்க, மஞ்சள் முன்னால் ஓடியிருந்தது. அறுத்த முகம் வெட்டிய வெள்ளரிப்பழத்தைப் போல, ஓரம் பச்சையாகவும் உள்ளே மஞ்சளாகவும் இருந்தது. அழகாக இருந்தது என்பதை மறுக்க முடியாது, ஆனால் கேட்டது அதுவல்ல. உள்வரை ஒரே நிறம் வேண்டுமானால் கலவை இல்லாத ஒற்றைச் சாயத்தையே வாங்க வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நான்காம் சுற்றில் மூன்று மாற்றங்களைச் செய்தேன். மூடியில் இரண்டாவது வால்வைப் பொருத்தி, அதிலிருந்து ஒரு குழாயைச் சாயநீர் வாளிக்குள் இறக்கினேன். உலர்ந்த கட்டைகளை வெறும் பாத்திரத்தில் அடுக்கி, மிதந்து எழாதபடி எவர்சில்வர் தட்டாலும் கல்லாலும் அழுத்தி, முதலில் நீரே இல்லாமல் அரை மணி நேரம் காற்றை எடுத்தேன். கொதிக்க எதுவும் இல்லாததால் முள் 28-ஐத் தொட்டது. பிறகு பம்ப்பின் வால்வை மூடிவிட்டு வாளி வால்வை மெல்லத் திறந்தபோது, சாயநீர் தானாகவே மேலேறி உள்ளே பாய்ந்தது. குழாய் வழியே காற்று புகுமுன் அதை மூடிவிட வேண்டும். கட்டைகளுக்கு மேல் நான்கு விரல் உயரம் நீர் நின்றதும் காற்றை விட்டு, மூடியைத் திறக்காமல் இரண்டு நாள் அப்படியே வைத்தேன். பம்ப்புக்கு முன்னால் சிலிக்கா ஜெல் நிரப்பிய பித்தளை உருளை ஒன்றையும், எண்ணெய் மாற்றிய கம்ப்ரசருக்கு வேலை நேரத்தில் ஒரு டேபிள் ஃபேனையும் வைத்தேன். எடை சராசரி 109 கிராம் கூடியது. முன்சுற்றுகளைவிடப் பெரிய பாய்ச்சல் என்று சொல்ல முடியாது. கம்ப்ரசர் மூன்றரை மணி நேரத்துக்குப் பதில் அரை மணி நேரமே ஓடியது என்பதே இம்முறையின் உண்மையான ஆதாயம்.

விரைவாக உலரும் என்று சாயத்தை ஸ்பிரிட்டில் கரைக்கும் யோசனையும் வந்தது. அதைக் கைவிட்டதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்பிரிட் தண்ணீரைவிட மிக எளிதாக ஆவியாகும். தீப்பற்றும் அந்த ஆவி முழுவதும் சூடான கம்ப்ரசரின் வழியாகவே அறைக்குள் வரும். மேலும், பாரத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் ஸ்பிரிட் பட்டால் மயிரிழை விரிசல்கள் விழும். 400 கிலோ பாரத்தின் கீழ் அந்த விரிசலைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அதே கலத்தில் ஒரு தேக்குத் துண்டையும் வைத்திருந்தேன். அதன் முனையில் சில மில்லிமீட்டர் மட்டுமே நீலம் ஏறியிருந்தது. தேக்கின் வைரப்பகுதியில் நீர்க்குழாய்கள் உள்வளர்ச்சியால் அடைபட்டிருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் பயன் இருக்காது. சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குப் பயன்படும் வெப்பாலை மரத்துண்டு நன்றாகவே ஏற்றது. இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்கப்பட்ட மரம் அது. அதற்கே வெளியிலிருந்து நீலம் ஏற்றியது சற்று வேடிக்கையாக இருந்தது.

மீந்த நான்கு லிட்டர் சாயநீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வடிகட்டிக் கேனில் வைத்திருக்கிறேன். அடுத்த கட்டைகளுக்கு அதே நீர் பயன்படும். குக்கரும் இனி சமையலறைக்குத் திரும்பாது.

இம்முறை கட்டைகளின் முனைகளில் கெட்டியாக ஃபெவிகால் தடவி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை தாளை மாற்றி எடை பார்த்தேன். ஆறாவது வாரத்தில் எடை இறங்குவது நின்றது. எட்டுக் கட்டைகளில் ஒன்றில் மட்டும் வெடிப்பு விழுந்தது. மீதி ஏழும் கடைசலுக்குப் போயின. உளியிலிருந்து பறந்த சீவல் நீலம், தரையில் விழுந்த தூள் நீலம், பட்டறை அண்ணனின் வேட்டியும் நீலம். அந்த வேட்டிக்கு நான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. மேற்பூச்சுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷைத் தவிர்த்து, நிறமில்லாத அரக்குக் குச்சியைச் சுழற்சியின் சூட்டிலேயே உருக்கி ஏற்றச் சொன்னேன். சாயம் கசிந்து கையில் ஒட்டவில்லை. ஆணி இறங்கும் இடத்தில் முதலில் துளையிட்டுக்கொண்டதால் எதுவும் பிளக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறன்று அக்கா மகன் தன் பம்பரத்தோடு வந்தான். தலைப்பகுதியில் நான்கு மி.மீ. ஆழத்துக்கு ஓர் ஆக்கர் விழுந்திருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம். குழியின் அடியும் நீலம்தான். வெளிப்புறத்தைவிட ஒரு சாயல் வெளிறிய நீலம். அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை.